அந்தியாமோ... போலாமா?

ஒரு காட்சியை மனசுல ஓட்டிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!

ஊர்: இத்தாலியில் இருக்கிற பொலோஞ்ஞா. மாசம்: அக்டோபர். நேரம்: சாயங்காலம் ஆறு மணி. நீங்க அங்கே எம்.எஸ்ஸி. சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. கடைசி வகுப்பு முடிஞ்சு பையைத் தோள்ல மாட்டுறீங்க. உள்ளே உங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசிட்டிருந்த பசங்க, வாசலைத் தாண்டினதும் சட்டுன்னு இத்தாலியனுக்கு மாறிடுறாங்க. என்னமோ பேசிக்கிறாங்க, சிரிக்கிறாங்க. அதுல ஒருத்தர் உங்களைத் திரும்பிப் பார்த்து, "அந்தியாமோ?"ங்கறார்.

'அந்தியா? ஆமா, அந்திதான்... இருட்டிடுச்சே!'ன்னு நீங்க தமிழ்ல யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, அவர் ஒரு செகண்ட் பார்த்துட்டு, "ச்சாவ்!"னு கையாட்டிட்டுப் போயிடுறார். கும்பல் தெருமுனையில திரும்பிடுச்சு. நீங்க ரூமுக்குப் போய் குக்கர்ல அரிசி வைக்கிறீங்க. மூணு விசில். போன்ல அம்மா, "ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் கிடைச்சாங்களா?"ன்னு கேக்குறாங்க. "ம்ம்..."

விஷயம் என்னன்னா, "அந்தியாமோ"ன்னா "அந்தி ஆச்சோ"ன்னு அர்த்தம் இல்லை. "போலாமா?" அவ்வளவுதான். அவங்க உங்களைக் கூப்பிட்டாங்க பாஸ்!

வகுப்புக்கு இங்கிலீஷ், சாயங்காலத்துக்கு இத்தாலியன்

இத்தாலிக்குப் படிக்கப் போற நம்ம பசங்க நிறைய பேர். மிலான், டூரின், பதுவா, பொலோஞ்ஞா, ரோம்னு எல்லா ஊர்லயும் முழுக்க இங்கிலீஷ்லயே நடக்குற மேற்படிப்புகள் இருக்கு. குடும்ப வருமானத்தைப் பார்த்து அந்தந்த மாநிலங்கள் தர்ற உதவித்தொகையும் உண்டு. அதனால, "இத்தாலியன் எதுக்குங்க? பாடமே இங்கிலீஷ்லதானே!"ன்னு ஃப்ளைட் ஏறிடுறாங்க.

பாடத்துக்கு வேணாம், சரி. ஆனா நாளுக்கு இருபத்து நாலு மணி நேரமாச்சே! பகல்ல லைப்ரரி, லேப், அசைன்மென்ட்னு ஓடிடும். வெளியூர்ல தனிமைங்கிறது பகல்ல வராது... ஆறு மணிக்கு மேலதான் வரும். எந்த புரொஃபசர் எப்படிக் கேள்வி கேப்பார், எந்தத் தெருவுல ரூம் வாடகை கம்மி, புராஜெக்ட்டுக்கு யார் யாரோட சேரலாம்... இதெல்லாம் பேசி முடிவாகுறது வகுப்பறையில இல்லை. சாயங்காலம் ஒரு மேஜையைச் சுத்தித்தான். அந்த மேஜைக்கு உங்களைக் கொண்டு போறது பத்தே பத்து வாக்கியம். அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

இங்கிலீஷை நடுவுல நிறுத்தாதீங்க!

நாம செய்யுற முதல் தப்பு, தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷுக்கு மாத்தி, அங்கேர்ந்து இத்தாலியனுக்குத் தாவுறது. நேரா தாவுங்க. பள்ளம் ரொம்பச் சின்னது!

ஒண்ணு: தமிழ்ல "போறேன்"னு சொன்னாலே போதும், "நான்" வேணாம். வினைச்சொல்லோட வாலே ஆள் யாருன்னு காட்டிக் கொடுத்துடும். இத்தாலியனும் அப்படியே. "வாதோ"ன்னா போறேன். "வாய்"னா போற. "அந்தியாமோ"ன்னா போறோம். அதையே குரலைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னா "போலாமா?" அழுத்திச் சொன்னா "கிளம்பு, போலாம்!" ஒரே சொல், மூணு வேலை. ராகம்தான் வேற.

அந்த "யாமோ" வாலைப் பிடிச்சுக்கிட்டா பாதி சாயங்காலம் உங்க கையில. "உஷாமோ?" (வெளியே போலாமா?), "மன்ஜாமோ?" (சாப்பிடலாமா?), "ப்ரெந்தியாமோ உன் கஃபே?" (ஒரு காபி சாப்பிடலாமா?). இந்த "உன்" நம்ம "உன்" இல்லை, "ஒரு"ன்னு அர்த்தம். உங்க காபியை யாரும் பிடுங்கல!

ரெண்டு: "எனக்குப் பிடிக்கும்"னு சொல்றோமே, அந்த "எனக்கு"... இங்கிலீஷ்காரங்க இத்தாலியன் கத்துக்கும்போது இதுலதான் திண்டாடுவாங்க. அவங்களுக்கு எல்லாமே "நான்"லதான் ஆரம்பிக்கணும். இத்தாலியன்ல "மி பியாச்சே"ன்னா அப்படியே "எனக்குப் பிடிக்குது"தான். அதே அச்சுல வார்த்ததுதான், கூப்பிடறதுக்கே ரொம்பப் பொருத்தமான இந்த வாக்கியம்: "தி வா உனா பீட்ஸா?" "தி"ன்னா உனக்கு. "வா"ன்னா போகுது. உனக்கு ஒரு பீட்சா ஓகேவா, மனசு போகுதா? இவ்வளவுதான்.

இதுல ஒரு நாசூக்கு இருக்கு, கவனிச்சீங்களா? "வர முடியுமா?"ன்னு கேட்டா, முடியலைங்கறதுக்கு எதிராளி காரணம் தேடணும். "தோணுதா?"ன்னு கேட்டா, தோணலைன்னா தோணல, அவ்வளவுதான். கூப்பிடும்போதே எதிராளி தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வச்சுட்டுக் கேக்குறது! அதனாலதான் மூணு வாரப் பழக்கத்துலயே ஒருத்தரை ஒருத்தர் கூச்சமில்லாம கேட்டுக்கறாங்க.

மூணு: "சினிமா போலாம், என்ன சொல்ற?"ன்னு கேப்போம்ல? அதுவும் அங்கே ரெடிமேடா இருக்கு. "ஸ்தஸேரா ச்சீனெமா, கே நே தீச்சி?" ஸ்தஸேரான்னா இன்னிக்கு சாயங்காலம். கே நே தீச்சின்னா என்ன சொல்ற!

எதுல ஆரம்பிக்கிறது?

"கே ஃபாய் ஸ்தஸேரா?" அதாவது "சாயங்காலம் என்ன பண்ற?" இதுதான் சாவி. இதை யாராவது உங்ககிட்ட கேட்டா, அவங்க உங்க டைம்டேபிளைக் கேக்கல. கூப்பிடப் போறாங்கன்னு அர்த்தம். "அசைன்மென்ட் எழுதணும், துணி துவைக்கணும்"னு லிஸ்ட் போட்டுக் கவுத்துடாதீங்க. "நியெந்தே, பெர்கே?" (ஒண்ணுமில்லையே, ஏன்?) போதும்.

ஒரு எச்சரிக்கை. "ஸ்தஸேரா" வேற, "ஸ்தனோத்தே" வேற. ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் பார்க்கப் போறதும் அவங்களுக்கு "ஸ்தஸேரா"தான். "நோத்தே"ன்னா ஊர் தூங்குற நேரம். "ஸ்தனோத்தே என்ன பண்ற?"ன்னு ஆர்வக் கோளாறுல கேட்டு வச்சீங்கன்னா, எதிர்ல இருக்கிறவங்க புருவம் மேலே போயிடும்! அதே மாதிரி "பொனஸேரா" பார்த்ததும் சொல்ற வணக்கம். "பொனநோத்தே" தூங்கப் போறப்போ மட்டும்.

அப்புறம் அந்த "ச்சாவ்". சாவுன்னு கேட்டு ஷாக் ஆகாதீங்க. வெனிஸ் பக்கத்துப் பேச்சுல "உங்க அடிமை"ங்கற அர்த்தத்துல பிறந்த சொல் அது. நம்ம "அடியேன்" மாதிரி! இப்போ வரும்போதும் போகும்போதும் அடியேன்தான். ஆனா ஃப்ரெண்ட்ஸுக்குள்ள மட்டும். புரொஃபசருக்கு "பொனஸேரா". "நீ, நீங்க" வித்தியாசம் அங்கேயும் உண்டு: தோழருக்கு "தூ", பெரியவங்களுக்கு "லேய்". கூடப் படிக்கிறவங்ககிட்ட முதல் நாள்லேர்ந்தே "தூ"தான். மரியாதைன்னு நினைச்சு "லேய்" போட்டா, தள்ளி நிக்கிறீங்கன்னு நினைச்சுக்குவாங்க.

எங்கே போறது?

"பார் போலாமா?"ன்னு காலையில எட்டு மணிக்கு ஒருத்தர் கூப்பிட்டா அதிர்ச்சி ஆகாதீங்க. இத்தாலியில "பார்"னா நம்ம டீக்கடைதான்! நின்னுக்கிட்டே ரெண்டு மடக்குல காபியைக் குடிச்சுட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்புற இடம். "உன் கஃபே" கேட்டா குட்டிக் கோப்பையில கெட்டிக் காபி மட்டும் வரும். பால் வேணும்னா கப்புச்சீனோ. அதைக் காலையில குடிங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டா, நம்மூர்ல ஃபுல் மீல்ஸ் முடிச்சுட்டு ஹார்லிக்ஸ் கேட்ட மாதிரி பார்ப்பாங்க.

சாயங்காலம் ஆறரை, ஏழுக்கு மேல "அபெரிதீவோ". ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி பசியைத் தட்டி எழுப்புற சின்ன டிரிங்க், கூட கொறிக்க ஆலிவ், சிப்ஸ், ரொட்டித் துண்டு. இதுக்குப் பின்னால நல்ல வரலாறு உண்டு. டூரின்ல 1786-ல் கார்பானோங்கறவர் தயாரிச்ச வெர்மூத், பதுவாவுல 1919-ல் வந்த ஆரஞ்சு நிற அபெரோல் இதெல்லாம் இந்த வழக்கத்தோட பிறந்ததுதான். சில இடங்கள்ல தட்டு நிறைய பாஸ்தா, காய்னு வச்சு இதையே ராத்திரிச் சாப்பாடா ஆக்கிடுவாங்க. அதுக்கு "அபெரிச்சேனா"ன்னு பேர். "நான் குடிக்க மாட்டேனே!"ன்னு ரூமுக்கு ஓடாதீங்க. "உன் அனல்கோலிகோ"ன்னு கேளுங்க. ஆல்கஹால் இல்லாத டிரிங்க், மெனுவுலயே தனி இடம் இருக்கும். சைவம்னா பையன்கள் "ஸோனோ வெஜெதரியானோ", பொண்ணுங்க "வெஜெதரியானா". முக்கியமானது கிளாஸ்ல என்ன இருக்குங்கறது இல்லை, நாற்காலியில நீங்க இருக்கீங்களாங்கறது.

பொலோஞ்ஞாவுல ஒரு ஆச்சரியம்: பியாத்ஸா மஜோரே சதுக்கத்துக்குப் பின்னாடி சந்துல "ஒஸ்தெரியா தெல் ஸோலே"ன்னு ஒரு பழைய ஒயின் கடை. 1465-லேர்ந்து இருக்குன்னு சொல்றாங்க. அங்கே குடிக்கிறதுக்கு மட்டும்தான் காசு. சாப்பாட்டை நீங்களே கொண்டு போகலாம்! அந்த மேஜையில எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து பாருங்க, அப்புறம் ஃப்ரெண்ட்ஸுக்குப் பஞ்சமே இருக்காது.

பீட்சாவுக்கு இன்னொரு ஜாலியான வாக்கியமும் இருக்கு: "ச்சி ஃபச்சாமோ உனா பீட்ஸா?" உங்களை யாரும் "ச்சீ"ன்னு சொல்லல. "நமக்கு நாமே ஒரு பீட்சா போட்டுக்கலாமா?"ன்னு அர்த்தம். "ஒரு டீயைப் போடுவோமா"ன்னு சொல்றோமே, அதே தோரணை. அங்கே ஆளுக்கொரு முழு பீட்சா. நாலு பேருக்கு ஒண்ணு வாங்கி வெட்டுறது நம்ம ஸ்டைல்.

பர்ஸ் காலியா? கவலையே வேணாம். "ஃபச்சாமோ க்வாத்ரோ பாஸ்ஸி?" நேர் அர்த்தம் என்ன தெரியுமா? "நாலு எட்டு வைப்போமா?" நாம சொல்ற அதே நாலு எட்டு! சாயங்காலம் நல்ல சட்டையா மாட்டிக்கிட்டு ஊரோட பெரிய தெருவுல இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்குறது அங்கே ஒரு சடங்கு. "பஸ்ஸெஜாதா"ன்னு பேர். பைசா செலவில்லை. அதுலயும் பொலோஞ்ஞாவுல மழை பெஞ்சாலும் நடக்கலாம். தெருவோரமா வளைவுத் தாழ்வாரங்கள், மொத்தம் 62 கி.மீ. நீளம். 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. ஸான் லூக்கா மலைக்கோயிலுக்குப் போற தாழ்வாரத்துல மட்டும் 666 வளைவுகள்! கோடைக்காலம்னா பியாத்ஸா மஜோரேவுல பெரிய திரை கட்டி, ராத்திரி இலவசமா படம் போடுவாங்க. "அந்தியாமோ அ வெதேரே உன் ஃபில்ம்?"னு (படம் பார்க்கப் போலாமா?) கேக்குறதுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஆமாவா, இல்லையா?

கேட்டாச்சு. பதில் வருது. இங்கேதான் காதைத் தீட்டிக்கணும்.

"ச்சி ஸ்தோ!" அதாவது "நான் ரெடி, என்னையும் சேர்த்துக்கோ!" "வொலென்தியேரி!" அதாவது "சந்தோஷமா!" "வா பேனே"ன்னா சரி. இதுல குழப்பமே இல்லை.

"போ." இதைக் கேட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிடாதீங்க! 'பஸ்'ல வர்ற ப போட்டு, தோளைக் குலுக்கிக்கிட்டுச் சொல்ற இந்த "போ"வுக்கு, "யாருக்குத் தெரியும்?"னு அர்த்தம். இன்னும் முடிவு பண்ணல, அவ்வளவுதான்.

"மகாரி." இதுதான் மகா குழப்பம். "பைக்ல கொண்டுவந்து விடட்டுமா?"ன்னு கேட்டு அவங்க "மகாரி!"ன்னா, "ஆஹா, புண்ணியமாப் போகும்!" முழு சம்மதம். "வெனிஸ் போலாமா?"ன்னு கேட்டு, பெருமூச்சோட "மகாரி..."ன்னா, "போக முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும், எங்கே முடியுது!" அதுவே வாக்கியத்தோட ஆரம்பத்துல, "மகாரி ஸ்தஸேரா..."ன்னு இழுத்தா, "ஒருவேளை வருவேன்". எது எதுன்னு சொல்லை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, முகத்தைப் பாருங்க. நம்ம "பார்க்கலாம்" மட்டும் என்னவாம்? அது வருவேனா, மாட்டேனான்னு நமக்கே தெரியாதே!

அப்புறம் "தாய்!" அம்மா இல்லீங்க. 'தானம்'ல வர்ற மென்மையான த. "அட வாயேன்!"னு இழுக்குற சொல். நீங்க வேணாம்னதும் ஒருத்தர் "தாய்!"னா, மனசார கூப்பிடுறாங்கன்னு அர்த்தம்.

இங்கே ஒரு சீரியஸ் விஷயம். நம்ம வீட்டுப் பழக்கம் என்ன? யாராவது சாப்பிடக் கூப்பிட்டா உடனே தலையாட்டக் கூடாது. "பரவால்லீங்க, வேணாம்"னு ரெண்டு தடவை சொல்லணும். மூணாவது தடவை அவங்க கையைப் பிடிச்சு இழுக்கும்போதுதான் உட்காரணும். அந்த நாகரிகத்தோட அங்கே போய் "நோ, கிராத்ஸியே" (வேணாம், நன்றி)ன்னு சிரிச்சீங்கன்னா, மிஞ்சிப் போனா ஒரு "தாய்!" வரும். அப்புறம் விட்டுடுவாங்க. அவங்களுக்குப் பாசம் இல்லைன்னு இல்லை. நீங்க சொன்னதை நம்புறாங்க! உங்க "வேணாம்"ங்கறதுக்கு மதிப்பு கொடுக்குறாங்க. ரெண்டு, மூணு தடவை இப்படி ஆச்சுன்னா, "பாவம், தனியா இருக்கத்தான் பிடிக்கும்போல"ன்னு கூப்பிடறதையே நிறுத்திடுவாங்க. நீங்க ரூம்ல உட்கார்ந்து, "யாருமே நம்மளைச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க"ன்னு நினைப்பீங்க. ரெண்டு பக்கமும் தப்பே பண்ணல... ஆனா ஒரு நட்பு போச்சு. போகணும்னு தோணினா முதல் தடவையே "ச்சி ஸ்தோ!"ன்னு சொல்லிடுங்க. ப்ளீஸ்!

நிஜமாவே முடியலையா? "மி திஸ்பியாச்சே, ஸ்தஸேரா நோன் பொஸ்ஸோ" (சாரி, இன்னிக்கு முடியாது). அதோட நிறுத்தாம, "ஃபச்சாமோ தொமானி?" (நாளைக்கு வச்சுக்கலாமா?)ன்னு ஒரு வால் ஒட்டுங்க. அந்த வால் இல்லைன்னா கதவைச் சாத்தின மாதிரி. காரணம் கேட்டா "ஓ உன் எஸாமே" (பரீட்சை இருக்கு) எல்லா இடத்துலயும் செல்லும். அங்கே மார்க் 30-க்கு, பாஸ் மார்க் 18. பல பரீட்சைகள் புரொஃபசர் எதிர்ல உட்கார்ந்து வாயாலேயே பதில் சொல்ற ரகம். அதனால எல்லாருக்கும் அந்த வலி தெரியும்! உடனே "இன் போக்கா அல் லூப்போ!"ம்பாங்க. "ஓநாய் வாய்க்குள்ள போ!"ன்னு நேர் அர்த்தம். திட்டல, ஆல் த பெஸ்ட் சொல்றாங்க! பழைய வழக்கப்படி பதில், "க்ரேப்பி!" ஓநாய் சாகட்டும்!

இன்னொரு டிப்ஸ். ஒரே ஒருத்தரைப் பார்த்து "உஷாமோ?"ன்னு கேட்டா, அது டேட்டிங் மாதிரி தொனிக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஐடியா இல்லைன்னா "கூட மத்தவங்களும் வர்றாங்க"ன்னு சேர்த்துக்கோங்க: "ச்சி ஸோனோ ஆங்க்கே ல்யி ஆல்த்ரி." அப்படி ஐடியா இருந்தா... அது உங்க பாடு!

பில் யாரு?

எல்லாரும் சமமாப் பிரிச்சுக்கிறது "அல்லா ரொமானா", அதாவது ரோம் ஸ்டைல். அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க கொடுக்கறது "ஓஞ்ஞூனோ பாகா இல் ஸூவோ". யாராவது "ஓஃப்ரோ ஈயோ!"ன்னா, "என் செலவு!" அப்போ ஒரு தடவை மறுத்துட்டு, "அடுத்த தடவை நான்"னு சொல்லுங்க: "லா ப்ரோஸ்ஸிமா வோல்தா ஓஃப்ரோ ஈயோ." பாருங்க, அதுலயே அடுத்த சாயங்காலத்துக்கும் டிக்கெட் போட்டாச்சு! உட்கார்ந்து சாப்பிடுற ஹோட்டல் பில்லுல "கொபெர்தோ"ன்னு ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு யூரோ கூடியிருந்தா சண்டைக்குப் போகாதீங்க. மேஜை, ரொட்டிக்கான சார்ஜ் அது. முன்கூட்டியே மெனுவுல பார்த்துக்கலாம்.

நாக்குக்கு ஒரு நிமிஷம்!

உச்சரிப்புல நாம கில்லாடிங்க. "கனி" வேற, "கன்னி" வேறன்னு சின்ன வயசுலேர்ந்தே நமக்குத் தெரியும். இத்தாலியன்லயும் ஒற்றை எழுத்துக்கும் இரட்டை எழுத்துக்கும் அர்த்தமே மாறும். "நோனோ"ன்னா ஒன்பதாவது, "நொன்னோ"ன்னா தாத்தா. முக்கியமா, "பேனா"ன்னா துன்பம்! எழுதுற பேனாவுக்கு "பென்னா". நீங்க ஹோட்டல்ல சாப்பிடுற பென்னே பாஸ்தா அந்தப் பேனா மூக்கு ஷேப்தான். பக்கத்து சீட்டுல "பேனா கொடு"ன்னு கேட்டு வம்பை விலைக்கு வாங்காதீங்க! ஊர் பேர்லயே வர்ற அந்த "ஞ்ஞா" மத்த நாட்டுக்காரங்களுக்கு முட்டும். நமக்கு "ஞ"ன்னு தனி எழுத்தே இருக்கு.

மெசேஜ்லயும் விளையாட்டு உண்டு. ஆறுக்கு இத்தாலியன்ல "ஸேய்". "நீ இருக்க"ங்கறதுக்கும் "ஸேய்". அதனால எஸ்.எம்.எஸ். காலத்துலேர்ந்தே "எங்கே இருக்க?"ங்கறதை "தோவே 6?"னு அடிப்பாங்க. பெருக்கல் குறியை "பெர்"னு படிக்கிறதால, "பெர்கே" (ஏன்) சுருங்கி "×கே" ஆயிடும்!

இப்போ எல்லாத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போமா? அதே வாசல், அதே ஆறு மணி. இந்தத் தடவை முதல்ல கேக்குறது நீங்க.

"ச்சாவ்! கே ஃபாய் ஸ்தஸேரா?" (என்ன பண்ற சாயங்காலம்?)

"நியெந்தே. பெர்கே?" (ஒண்ணுமில்ல. ஏன்?)

"தி வா உனா பீட்ஸா?" (பீட்சா ஓகேவா?)

"மகாரி... மா தொமானி ஓ உன் எஸாமே." (ஆசைதான்... நாளைக்குப் பரீட்சையாச்சே.)

"தாய்! உனோரா ஸோலா!" (அட வா! ஒரே ஒரு மணி நேரம்!)

"வா பேனே, ச்சி ஸ்தோ. அ கே ஓரா?" (சரி, வர்றேன். எத்தனை மணிக்கு?)

"வெர்ஸோ லே ஓத்தோ, ஸோத்தோ இல் நெத்தூனோ." (எட்டு மணி வாக்குல, நெப்டியூன் சிலைக்குக் கீழே.)

"பெர்ஃபெத்தோ. அ தோப்போ!" (சூப்பர். அப்புறம் பார்க்கலாம்!)

அவ்வளவுதாங்க. இலக்கணப் புத்தகம் முடிக்கலை, தேர்வு எழுதலை, சர்டிஃபிகேட் வாங்கலை. தப்பும் தவறுமா சொன்னாலும் பரவாயில்லை. நீங்க இத்தாலியன்ல ஒரு வாக்கியம் முயற்சி பண்ணிட்டீங்கன்னா, அவங்க மீதியை இங்கிலீஷ்லயும் கையாலயும் முடிச்சுடுவாங்க.

பயமா இருக்கா? மெரினா கடற்கரையில சிலையா நிக்கிறாரே வீரமாமுனிவர், அவர் 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. முப்பது வயசை ஒட்டி இங்கே வந்து, தமிழை எழுத்துக்கூட்டிக் கத்துக்கிட்டு, சதுரகராதியே தொகுத்துட்டார். அவர் நம்ம மொழியில ஒரு அகராதி போட்டார். நாம அவங்க மொழியில பத்து வாக்கியம் பேசக் கூடாதா?

அங்கே போற ஃப்ரெண்டுக்கு ஊறுகாய், சாம்பார் பொடி எல்லாம் மூட்டை கட்டுறீங்கல்ல? அதோட இந்தப் பத்து வாக்கியத்தையும் கட்டி அனுப்புங்க. நீங்களே போறீங்கன்னா, முதல் வாரமே, முதல் ஆளா, யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுடுங்க. குக்கர் ஒரு நாள் லீவ் எடுத்துக்கட்டும்.

என்ன... அந்தியாமோ?